எந்தக் கதவில் ஒட்டுவது? நீலகிரி நகர்மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

நீலகிரி மலையிலுள்ள நகராட்சிகளின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஆணையர்களுக்கும் வணக்கம்.

நான் இந்த மலையில் ஒரு நகராட்சியில் முப்பது வருடம் சொத்து வரி வசூலிக்கும் பில் கலெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த நகராட்சி என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஓர் அலுவலகம் மட்டும் கோபப்படும், மற்ற ஊர்க்காரர்கள் நமக்கில்லை என்று மடித்து வைத்துவிடுவார்கள். உதகைக்காரர் உதகை என்று வைத்துக்கொள்ளுங்கள், குன்னூர்க்காரர் குன்னூர் என்று. கூடலூர், நெல்லியாளம் பக்கத்தாரும் அப்படியே.

உங்களில் பலர் 2022 பிப்ரவரியில் ஓட்டுக் கேட்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்கள். அதே வாசல்களில்தான் நான் வரி கேட்புச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் மாலை வாங்கிக்கொண்டு போனீர்கள், நான் திட்டு வாங்கிக்கொண்டு போனேன், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் ஒரே தொழிலில் இருந்தவர்கள் பேசிக்கொள்வதைப் போல நினைத்து இதைப் படியுங்கள். பட்ஜெட் தயாராகும் நேரம் இது. அச்சுக்குப் போகும் முன் சொன்னால்தான் பயன்.

2009 நவம்பர் மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் அதிகமான உயிர்கள் போயின. சாலையும் மலை ரயில் பாதையும் துண்டு துண்டாகக் கிடந்தன. அந்த வாரம் எங்களுக்கு வசூல் வேலை கிடையாது. பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தவர்களுக்குப் பாயும் போர்வையும் எண்ணிக் கொடுத்தோம்.

அப்புறம் மார்ச் வந்தது. மார்ச் என்றால் பில் கலெக்டருக்கு என்ன என்று உங்களுக்குத் தெரியும். டி.சி.பி. அறிக்கையில் கேட்பு இவ்வளவு, வசூல் இவ்வளவு, நிலுவை இவ்வளவு என்று தினம் மாலை சொல்லியாக வேண்டும். நிலுவைக் கட்டம் பெரிதாக இருந்தால் மேலே இருப்பவர் முகத்தில் விழிக்க முடியாது. என் கையில் இருந்த சீட்டுக்கட்டில் ஒரு லைன் வீட்டு வரிசையின் சீட்டுகளும் இருந்தன. மலைச்சரிவில் இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஐந்து வீடுகள். போய்ப் பார்த்தால் படிக்கட்டு இருந்தது. வீடுகளில் இரண்டு இல்லை. மூன்றாவது வீட்டுக்கு முன்சுவரும் இல்லை, கூரையும் இல்லை, ஒரு அடுப்பு மேடை மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது.

அந்த வீட்டு அக்கா அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மண்ணுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தவர் என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தார். சண்டை போடவில்லை. "எந்தக் கதவுலண்ணே ஒட்டப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். களக் குறிப்பேட்டில் "கதவு பூட்டியுள்ளது" என்று எழுதினேன். ஏனென்றால், வரி வாங்காமல் திரும்புவதற்கு எங்களுக்குத் தெரிந்த காரணங்கள் நாலைந்துதான்: கதவு பூட்டியுள்ளது, உரிமையாளர் வெளியூர், வழக்கு நிலுவை, சீட்டை வாங்க மறுப்பு. கதவே இல்லை என்று எழுத அந்த நோட்டில் இடம் கிடையாது. அடுத்த அரையாண்டு அந்த வீட்டுக்குப் புதுக் கேட்பு விழுந்தது, பழையது நிலுவையாகச் சேர்ந்தது. அப்படியே வருடங்கள் ஓடின.

இந்த மடலில் நான் சொல்ல வந்தது அந்த நோட்டைப் பற்றித்தான். பேரிடர் வந்த ஊரில் மண் ஒரு பக்கம் நகர்ந்துவிடுகிறது, அலுவலகப் புத்தகம் பழைய இடத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் இடைவெளியில்தான் அநியாயமான வரியும் இருக்கிறது, திருட்டும் இருக்கிறது.

இது ஒரு தடவை நடந்த கதையும் இல்லை. 1978-லும் 79-லும் மலை சரிந்தது. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையில் நின்றவர்களோடு சேர்த்து மண் இழுத்துக்கொண்டு போனது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் பெய்ததை வானிலைக்காரர்களே திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள் என்று சொல்வார்கள், 24 மணி நேரத்தில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. மாவட்ட நிர்வாகமே 283 இடங்களை அபாயமான இடங்கள் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. ஆக, அடுத்த சரிவு எங்கே என்பதுகூட ஓரளவு தெரிந்த சங்கதி. கேட்புப் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் போடத்தான் நமக்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்றால், இடிந்த வீட்டைக் கணக்கெடுப்பவர் ஒருவர், வரி கேட்பவர் இன்னொருவர். மழை விட்டதும் வி.ஏ.ஓ. வருவார், வருவாய் ஆய்வாளர் வருவார், படம் எடுப்பார்கள், தாசில்தாருக்கு அறிக்கை போகும். பேரிடர் நிவாரண நிதியில் இருந்து, மலைப்பகுதியில் முழுக்க இடிந்த வீட்டுக்கு 1,30,000 ரூபாய் என்று 2022-26 காலத்துக்கு ஒரு விகிதம் போட்டார்கள். சமவெளியைவிடப் பத்தாயிரம் அதிகம். மலையில் ஒரு லோடு மணல் ஏற்றிவரும் வாடகையைத் தெரிந்தவர்கள் அந்தப் பத்தாயிரத்தைக் கேட்டுச் சிரிப்பார்கள், அது வேறு விஷயம். நான் சொல்ல வருவது: வீடு முழுக்க இடிந்தது என்று அரசாங்கத்தின் ஒரு கை கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுக்கிறது. அதே அரசாங்கத்தின் இன்னொரு கை அந்த வீட்டுக்கு வரி கேட்கிறது, தாமதமானால் இப்போது மாதம் 1 சதவீதம் வட்டியும் சேர்த்து. தாசில்தார் அலுவலகப் பட்டியலின் ஒரு நகல் நகராட்சி வருவாய்ப் பிரிவுக்கு வந்தால் போதும், இது தீர்ந்துவிடும். இரண்டு அலுவலகத்துக்கும் நடுவில் எங்கள் ஊரில் நடந்துபோனால் பத்து நிமிடம்.

இடிந்தவர் மனு கொடுத்தால் பார்ப்போமே என்பீர்கள். முகாமில் ரேஷன் கார்டையும் பிள்ளையின் மார்க் ஷீட்டையும் காயவைத்துக்கொண்டிருப்பவர் வரி ரசீதின் நகலோடு மனு எழுதிக்கொண்டு வர மாட்டார். அந்த வேலை உங்களுடையது. பட்டியல் வந்த அன்றே கேட்பை நிறுத்துங்கள், பழைய நிலுவையைத் தள்ளுபடி செய்ய மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். ஊரின் மொத்தக் கேட்பில் அந்த வீடுகளின் தொகை எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் பார்த்தால் உங்களுக்கே வெட்கமாக இருக்கும், அவ்வளவு சின்னத் தொகை.

சரி, பணம் எங்கிருந்து வரும்? இதை உறுப்பினர்கள் கேட்டே தீர வேண்டும். நகராட்சி என்பது ஒரே பெட்டி இல்லை, மூன்று பெட்டி. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி. ஒன்றில் கிடப்பதை இன்னொன்றுக்கு நினைத்தபடி அள்ளிப்போட முடியாது. மேலே இருந்து வரும் மானியமும் கை கால் கட்டித்தான் வருகிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குப் போட்ட கணக்கில், நம்மைப் போன்ற ஊர்களுக்கான பங்கில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று பெயர் எழுதியே வந்தது. மிச்சம் 40-ல்தான் மற்றதெல்லாம். அதையும் வாங்க வேண்டுமானால் சொத்து வரி வசூல் மாநிலத்தின் வளர்ச்சியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்று நிபந்தனை.

2022 ஏப்ரலில் வரி ஏறியதற்குப் பின்னால் இதுவும் ஒரு காரணம். 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடங்களுக்கும் 100. நான் இந்த உயர்வைத் திட்டமாட்டேன். நகராட்சிகளில் 2008-க்குப் பிறகு உருப்படியாக ஒரு சீராய்வும் நடக்கவில்லை. 2018-ல் உயர்த்தினார்கள், அடுத்த வருடமே திரும்பப் பெற்றார்கள். அதை எழுதியவனும் நான்தான், சிவப்பு மையில் அடித்தவனும் நான்தான். பதினான்கு வருடம் தொடாத வரியை ஏற்றித்தான் ஆக வேண்டும். சிறிய வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம் என்பதும் நியாயமான ஏற்பாடு. ஆனால், அந்த ஏற்பாடு பதிவேட்டில் எழுதியிருப்பதை நம்பிப் போட்டது. பதிவேடு பொய் சொன்னால்?

எங்கள் வட்டத்தில் ஒரு கட்டடம் இருக்கிறது. பதிவேட்டில் அது குடியிருப்பு. சனிக்கிழமை மாலை போய்ப் பார்த்தால் வாசலில் ஏழெட்டு வண்டிகள், மாடியில் கேம்ப் ஃபயர், பாட்டு. அந்த வீட்டில் குடியிருப்பவர் யார் என்று கேட்டால் காவல்காரர் சிரிப்பார். இங்கே கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என்று ஒரு கணக்கு உண்டு, ஜே.சி.பி. இறக்க ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் மலையைச் செங்குத்தாக வெட்டியதைப் பார்த்தால் மண்வெட்டியால் வெட்டியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளினார்கள். ஓடை திரும்பியது. போன ஐப்பசியில் அந்தத் தண்ணீர் கீழே இருந்த லைன் வீடுகளின் முதுகில் இறங்கியது.

கீழே இருப்பவை 400, 500 சதுர அடி வீடுகள். அவர்கள் அப்பன், பாட்டன் சிலோனில் இருந்து கப்பலேறி வந்து, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து, ஓய்வுபெற்ற பணத்தில் எழுப்பிய சுவர்கள். அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு என்று சொன்னால் வரிசையில் நின்று கட்டுகிறவர்கள் இவர்கள்தான். இருபத்தைந்து ரூபாய் மிச்சமாகும் என்று பாதி நாள் கூலியை விட்டுவிட்டு வருவார்கள். மேலே இருக்கும் கட்டடமும் வீடு என்ற பெயரிலேயே வரி கட்டுகிறது. கீழே தடுப்புச் சுவர் கட்ட வேண்டியது யார் பணத்தில்? இரண்டு பேர் பணத்திலும்தான், ஆனால் யார் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்.

கண்டுபிடிக்க ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024 மே 7 முதல் நம் மலைக்கு வர இ-பாஸ் வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் கட்டியது. வருகிறவர் எத்தனை நாள் தங்குகிறார், எங்கே தங்குகிறார் என்றும் அந்தப் படிவம் கேட்கிறது. அந்த முகவரிகளை ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, உங்கள் கேட்புப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு சின்னப் பையன் கணினியில் ஒரு வாரத்தில் செய்து கொடுப்பான். வாரம் தவறாமல் விருந்தாளி வரும் 'வீடு' எத்தனை என்று தெரிந்துவிடும். எங்கள் காலத்தில் இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் துணி காயப்போட்டிருப்பதை எண்ணினோம். கொடியில் பத்து வெள்ளை பெட்ஷீட் ஒன்றாகக் காய்ந்தால் அது குடும்பம் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் தூரமாகப் போய்வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற பிறகு படிக்க நேரம் கிடைத்தது. வெள்ளத்தில் மூழ்கிய ஊர்கள் வரியை எப்படி வசூலித்தன என்று தேடிப் படிப்பது ஒரு பில் கலெக்டருக்கு வரக்கூடிய கிறுக்குத்தான். அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் கரைகள் உடைந்து ஊரில் 80 சதவீதம் தண்ணீருக்குள் போனது. வீடு போனால் வீட்டு வரி போச்சு, கடை மூடினால் விற்பனை வரி போச்சு. அக்டோபர் ஆரம்பத்திலேயே மேயர் ஏறத்தாழ 3,000 நகராட்சி ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்தார், மொத்தப் பேரில் பாதி. ஊரைத் திரும்பக் கட்ட வேண்டிய நேரத்தில் கட்டுவதற்கு ஆள் இல்லை. ஆளில்லாத தெருக்கள் என்ன ஆகும்? 2007 ஜனவரியில் கொலைகளைத் தாங்க முடியாமல் ஆயிரக்கணக்கான மக்கள் நகர மன்றத்துக்கு நடந்தே போய்க் கேள்வி கேட்டார்கள். அப்படியும் அந்த ஒரு வருடத்தில் 200-க்கும் மேற்பட்ட கொலைகள்.

இதைவிட எனக்குச் சுவையாக இருந்தது வேறு. அந்த ஒரே ஊருக்கு வரி மதிப்பிட ஏழு அதிகாரிகள், ஏழு பேரும் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். ஓட்டுப் போடுகிறவனிடம் வரியை ஏற்ற எவனுக்கு மனசு வரும்? பேரிடருக்குப் பிறகுதான் மக்களுக்குக் கோபம் வந்தது. 2006 நவம்பரில் ஓட்டெடுப்பு நடத்தி ஏழு பேரை ஒருவராக்க முடிவு செய்தார்கள். ஊர் மூழ்கிய கோபத்தில் மதிப்பீட்டு முறையைப் போய்த் திருத்தினார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது. அந்த மேயர் ரே நாகின் கதையும் முடியவில்லை. 2014-ல் ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 10 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். மீட்புப் பணம் ஊருக்குள் வந்தபோது அதோடு கூடவே வந்த குற்றம் அது.

நம் ஊரில் துப்பாக்கி இல்லை, நல்ல காலம். நம் குற்றங்கள் சின்னவை. ஆனால் அவையும் இருட்டில் நடக்கின்றன, எழுதப்படாமலே போகின்றன.

போன ஐப்பசியில் அந்த லைனில் பதினொரு குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள். சரியான முடிவு, உயிர் பிழைத்தது. ஆறு வாரம் பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் நாலு வீட்டில் பூட்டு உடைந்திருந்தது. கேஸ் சிலிண்டர் இல்லை, மிக்ஸி இல்லை, சீதனமாக வந்த பித்தளை அண்டா இல்லை, ஒரு வீட்டில் சுவருக்குள் ஓடிய மின்கம்பியைக்கூட உருவிவிட்டார்கள். புகார் கொடுக்கப் போனவர்களோடு நானும் துணைக்குப் போனேன். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரடி நடமாட்டம் இருக்கிற இடம்தானே அது?" என்றார்.

கரடி வரும், ஒத்துக்கொள்கிறேன். கரடி கதவைக் கீறும், எண்ணெயைக் குடிக்கும், சர்க்கரை டப்பாவை நசுக்கும். ரெகுலேட்டரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போகும் கரடியை நான் இந்த மலையில் இதுவரை பார்த்ததில்லை. அரை மணி நேரம் நின்று, புகார் வாங்கியதற்கு அடையாளமான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவந்தோம். எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை. அந்த வருடத்துக் குற்றக் கணக்கில் எங்கள் ஊர் அமைதியான ஊராகவே இருக்கும்.

காவல் துறை எங்கள் கையில் இல்லை, மாநில அரசிடம் கேளுங்கள் என்று நீங்கள் சொல்வது சட்டப்படி சரி. ஆனால் அந்தப் படிக்கட்டில் இருந்த மூன்று தெருவிளக்கும் யாருடையவை? மண்ணோடு சாய்ந்த கம்பத்தை ஆறு வாரம் யாரும் நிமிர்த்தவில்லை. ஆளே இல்லாத இடத்துக்கு விளக்கு எதற்கு என்று ஒருவர் என்னிடமே சொன்னார். ஆள் இல்லாத இடத்துக்குத்தான் ஐயா விளக்கு வேண்டும். ஆள் இருந்தால் அவர்கள் வீட்டு விளக்கே போதும். 2024 ஜூலையில் பக்கத்து வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோது, மிச்சமிருந்த ஆளில்லாத வீடுகளுக்குள் யாரும் புகுந்துவிடக் கூடாது என்று கேரளப் போலீஸ் இரவு ரோந்து போட்டது, அனுமதியில்லாமல் உள்ளே நுழையத் தடையும் போட்டது. அந்த அளவுக்குப் பெரிய சாவு வந்தால்தான் ரோந்து என்று இருக்க வேண்டாம். வெளியேறச் சொல்லும் உத்தரவோடு சேர்த்து, அந்தத் தெருவுக்கு ஒரு தற்காலிக விளக்கு, இரண்டு இரவுக் காவலர், பூட்டிய வீடுகளின் கதவு எண் பட்டியல் ஒன்று காவல் நிலையத்துக்கு. அந்த லைனிலேயே வேலையிழந்து நிற்கும் இரண்டு பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தால் அவர்களே காவல் இருப்பார்கள். வெளியேறச் சொன்னால் மக்கள் ஏன் அடம்பிடிக்கிறார்கள் என்று அதிகாரிகள் சலித்துக்கொள்வார்கள். அண்டா போய்விடும் என்ற பயம்தான். உயிரைவிட அண்டா பெரிதா என்று கேட்காதீர்கள், வாழ்நாளில் ஒரே ஒரு அண்டா வாங்கியவரிடம்.

இனி தடுப்புச் சுவர். இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வந்தேன்.

அந்த லைனுக்குப் பின்னால் மழைக்குப் பிறகு அவசர வேலையாக ஒரு கருங்கல் சுவர் எழுந்தது. இயற்கைப் பேரிடர், நெருக்கடி என்று அரசு அறிவித்தால் 1998-ஆம் வருட ஒப்பந்தப்புள்ளிச் சட்டத்தின் 16ஆவது பிரிவு டெண்டர் விதிகளுக்கு விலக்குக் கொடுக்கிறது. கொடுக்கத்தான் வேண்டும். சாலை அடைத்துக் கிடக்கும்போது விளம்பரம் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க முடியாது. ஆனால் விதிக்கு விலக்கு என்றால் அளவுக்கும் விலக்கா?

எனக்குப் பொறியியல் தெரியாது. மேஸ்திரி ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், அவர் தெரிந்ததைச் சொன்னார். மலையில் தடுப்புச் சுவர் சாய்வதற்கு மண்ணின் கனத்தைவிட மண்ணுக்குள் தேங்கும் தண்ணீரின் தள்ளல்தான் பெரிய காரணம். அதனால் சுவரில் வரிசையாகத் துளை விட வேண்டும், வீப் ஹோல் என்பார்கள். சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டாமல் ஜல்லியை நிரப்ப வேண்டும், தண்ணீர் இறங்கித் துளை வழியாக வெளியேற. அடித்தளம் கெட்டி மண்ணைத் தொட வேண்டும். எங்கள் சுவரில் துளைகள் இருக்கின்றன, அழகாக, ஒரே அளவில், ஐந்தடிக்கு ஒன்று. மேஸ்திரி ஒரு கம்பியை உள்ளே விட்டார். ஒரு சாணில் நின்றுவிட்டது. முகத்துக்கு மட்டும் குழாய்த் துண்டு செருகியிருக்கிறார்கள், சுவரின் மறுபக்கத்துக்கு அது போகவே இல்லை. கல்லும் புதுக் கல் இல்லை. பழைய சுவர் இடிந்து விழுந்ததில் பொறுக்கியது. பாதிக் கல்லில் பழைய பாசி அப்படியே இருக்கிறது. புதுக் கல் என்று பில் போட்டிருந்தால் அந்தக் கல்லுக்கு நாம் இரண்டாவது முறை காசு கொடுத்திருக்கிறோம்.

போட்டார்களா, இல்லையா? அது அளவுப் புத்தகத்தில் இருக்கும். எம் புக் என்று பொறியியல் பிரிவில் சொல்வீர்களே, அதுதான். நீளம், அகலம், ஆழம், கல் எத்தனை கன மீட்டர், யார் அளந்தது, எந்தத் தேதி. அந்தப் புத்தகத்தை நான் போய்க் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், முப்பது நாளில் பதில் வரும் என்றார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன். பழைய சகாக்கள் ஆயிற்றே, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்கள்.

சிலிண்டர் போன வீட்டுக்காரருக்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது இருக்கிறது. சுவரின் வயிற்றில் இருந்து ஜல்லி போனதற்கு ரசீது எங்கே வாங்குவது? இரண்டில் எது பெரிய திருட்டு என்று அடுத்த ஐப்பசி சொல்லிவிடும். அதற்கு முன்னால் நீங்கள் சொல்லலாம்.

அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வார்டு குழுவுக்கும், வட்டத்து மக்கள் கூடிப் பேசும் பகுதி சபாவுக்கும் விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்கப் பகுதி சபாக் கூட்டம் நடந்தது. எங்கள் வட்டத்திலும் நடந்தது, நாற்காலி போட்டு, கேசரி கொடுத்து, குப்பை வண்டி நேரத்துக்கு வருவதில்லை என்று பேசிவிட்டுக் கலைந்தோம். அடுத்த கூட்டத்துக்கு அளவுப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள். பேரிடர் வேலை நடந்த ஒவ்வோர் இடத்தின் பக்கத்தையும் உறுப்பினர் சத்தமாக வாசிக்கட்டும். கேட்பவர்களில் மேஸ்திரி இருப்பார், கல் உடைத்தவர் இருப்பார், அந்தச் சுவருக்கே மண் சுமந்த பெண்கள் இருப்பார்கள். ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வாசித்தால் எங்கே சிரிப்புச் சத்தம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தணிக்கைக்காரர் இரண்டு வருடம் கழித்து வந்து காகிதத்தைப் பார்ப்பதைவிட அது வேகமான தணிக்கை.

பட்ஜெட்டிலும் ஒரு வரி வேண்டும். 'இதர பராமரிப்பு' என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் போட்டுக் கலக்காமல், மழைச் சேதப் பணிகளுக்கு என்று தனித் தலைப்பு, அதில் எந்தத் தெரு, எவ்வளவு என்று. அந்த 'வீடுகளை' வணிகக் கட்டடம் என்று பதிவேட்டில் மாற்றுவதால் கூடுதலாக வரும் வரி எவ்வளவோ அதை அந்தத் தலைப்புக்குக் கொடுங்கள். மேலே மலையை வெட்டியவர் பணம் கீழே சுவராகட்டும். அப்படிச் செய்தால் வரி ஏற்றியதற்காக உங்களைத் திட்டும் ஆட்களிடம் உங்களுக்காக நானே பேசுவேன். முப்பது வருடம் திட்டு வாங்கிய அனுபவம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2010 மார்ச்சில் அந்த அடுப்பு மேடை அருகே நின்ற அக்கா இப்போது மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், நான்தான் கொஞ்சம் தயங்கினேன். பழைய மனையில் ஒரு சின்ன ஷெட்டாவது போடலாம் என்று அனுமதி கேட்டாராம். நிலுவை வரியைக் கட்டிவிட்டு வரச் சொன்னார்களாம். இல்லாத வீட்டுக்கு எத்தனை வருட வரி என்று அவருக்குக் கணக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அந்த வரிவிதிப்பு எண்ணும் எனக்கு மனப்பாடம்.

ஏப்ரலில் புதுப் பதிவேடு எடுக்கும்போது கூப்பிடுங்கள், வந்து சொல்கிறேன். "கதவு பூட்டியுள்ளது" என்று எழுதியது என் கையெழுத்து. அடித்துத் திருத்தும்போது பக்கத்தில் நானும் ஒரு சுருக்கொப்பம் போட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பில் கலெக்டர் ஒருவன்,
நீலகிரி